செலவும் உலகக் கிண்ணமும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் 'செலவு'. இதைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் காசுதான் வந்து நிற்கும். ஆனால், சங்கச் செய்யுளிலே பழகியவர்களுக்கு இதன் மூத்த பொருள் தெரியும். 'செல்' என்னும் அடியிலிருந்து பிறந்த இச்சொல் அக்காலத்தில் போதலை, பயணத்தைக் குறித்தது. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியை ஆற்றுவிப்பதற்காகத் தன் பயணத்தைச் சிலகாலம் நிறுத்திவைப்பதைச் 'செலவழுங்குதல்' என்று பாலைத் திணையிலே வைத்துப் பேசினார்கள். இன்று அதே சொல் பணத்தைக் குறிக்கிறது. புறப்படுகிறவன் வழியையும் பணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டியிருப்பதை இது நினைவூட்டுகிறது.

இந்த இரு செலவும் நன்றாகக் கூடிவருகின்ற பயணம் ஒன்று நம் காலத்தில் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நேரிலே பார்க்கச் செல்லும் பயணந்தான் அது. ஒரு மாதம் முழுவதும் அங்கே தங்கிப் பார்க்கும் வசதி மிகச் சிலருக்கே வாய்க்கும். மற்றவர்கள் நாலைந்து நாள் விடுமுறைக்குள் இரண்டொரு ஆட்டத்தைப் பார்த்துத் திரும்பவே எண்ணுவார்கள். அத்தகைய குறும்பயணத்தை எவ்வாறு வகுப்பது? இது இலக்கியத் தொடரில் பேசும் விடயமா என்று சிலர் ஐயுறக் கூடும். வழிசொல்வதற்கென்றே ஒரு இலக்கிய வகையை உண்டாக்கிய மொழி நம்முடையது என்பதே அதற்கு என் விடை.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீண்டவன், வறுமையோடு எதிர்ப்பட்டவனுக்கு வழி சொல்கிறான். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு, எயிற்பட்டினத்திலே சுட்ட மீன் கிடைக்கும், வேலூரிலே புளிச்சோறு கிடைக்கும், ஆமூரிலே நண்டுக் கறியோடு வெண்சோறு கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லப்படுவதைச் சிறுபாணாற்றுப்படையிலே காண்கிறோம். மலைபடுகடாமோ வழியின் இடர்களையும் எடுத்துரைக்கிறது. பன்றிகளுக்கு வைத்த கற்பொறிகள் உள்ள இடத்தை விடிந்த பின்னரே கடக்க வேண்டும் என்றும், பாம்புள்ள இடத்தையும் வழுக்கும் இடத்தையும் பார்த்து நடக்க வேண்டும் என்றும் அது எச்சரிக்கிறது. நல்ல பயணத் திட்டம் ஒன்றுக்கு வேண்டியவையெல்லாம் இவற்றில் இருக்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பாணன் தேடிச் சென்ற புரவலன் தன் ஊரிலேதான் இருப்பான். உதைபந்தாட்ட ரசிகன் தேடிச் செல்லும் அணி அவ்வாறு ஓரிடத்தில் இருப்பதில்லை. போட்டியின் முதற் கட்டத்தில், குழுக்கள் பிரிக்கப்பட்டு நிரல் வெளியானதும், ஓர் அணியின் மூன்று ஆட்டங்களும் எங்கே, எப்போது என்பது உறுதியாகிவிடும். அதன் பின்னர் தோற்ற அணி வீடு திரும்பும். வென்ற அணியுங்கூடக் குழுவில் முதலாவதாக வந்தால் ஓர் அரங்குக்கும், இரண்டாவதாக வந்தால் வேறோர் அரங்குக்கும் போகும். ஆகவே குறும்பயணம் செய்பவர் முதலிலேயே ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். அணியைத் தொடர்ந்து போவதா? அல்லது ஓர் ஊரைத் தெரிந்து அங்கு வருகிற ஆட்டத்தைப் பார்ப்பதா?

2022 ஆம் ஆண்டு கட்டாரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். நவம்பர் 22 ஆந் திகதி லுசைல் அரங்கிலே ஆர்ஜென்ரீனா, சவூதி அரேபியாவிடம் 2 - 1 என்று தோற்றது. நான்கு நாட்களின் பின் மெக்சிக்கோவிடமும் தோற்றிருந்தால் அது போட்டியை விட்டே வெளியேறியிருக்கும். டிசம்பர் 18 இல் அதே அரங்கிலே கிண்ணத்தை ஏந்திய அணியின் நிலை அது. மறுபுறத்தில், நான்கு முறை உலகக் கிண்ணத்தை வென்ற ஜேர்மனி 2018 இலும் 2022 இலும் முதற் கட்டத்தோடு திரும்பியது. அணியின் பெயரை நம்பிப் பிற்பகுதி ஆட்டங்களுக்குத் தங்குமிடம் பதிந்தவர்களின் கதி என்ன?

கட்டாரில் ஒரு வசதி இருந்தது. எட்டு அரங்குகளுள் மிகத் தூரத்திலுள்ள இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 75 கிலோமீற்றரே. எனவே தன் அணி போனாலும் வேறோர் ஆட்டம் அருகிலேயே கிடைத்தது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்ப்பதும் இயன்றது. ஹயா என்னும் அனுமதி அட்டை பெற்று, டுபாயிலிருந்தும் மஸ்கற்றிலிருந்தும் காலையில் விமானமேறி வந்து, ஆட்டம் பார்த்து அன்றே திரும்பியவர்களும் உண்டு. 2026 ஆம் ஆண்டுப் போட்டியோ 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று விரிந்து, ஐக்கிய அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளின் 16 நகரங்களுக்குப் பங்கிடப்பட்டது. வன்கூவரிலிருந்து மியாமி ஏறத்தாழ 4,500 கிலோமீற்றர். இவ்வளவு பெரிய பரப்பிலே, நாலு நாள் விடுமுறையோடு ஓர் அணியின் பின்னால் ஓடுவது விமான நிலையங்களைப் பார்ப்பதிலேயே முடியும்.

இந்தப் பாடு இன்று வந்ததன்று. 1930 இல் உருகுவேயில் முதலாவது உலகக் கிண்ணம் நடந்தபோது 13 அணிகளே பங்குபற்றின. ஐரோப்பாவிலிருந்து நான்கு அணிகள் மாத்திரமே சென்றன. கடற்பயணமே ஏறத்தாழ இரண்டு வாரம். போக, விளையாட, திரும்ப என்று இரண்டு மாதம் வேலையை விட்டிருக்கப் பலரால் முடியவில்லை. பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா ஆகிய அணிகள் 'கொன்ரே வேர்டே' என்ற ஒரே கப்பலிலே சென்றன. போட்டியைத் தோற்றுவித்த ஜூல் ரிமேயும், அவருடைய பயணப் பெட்டியிலே கிண்ணமும் அதே கப்பலிலேயே போயின.

அந்த ஆண்டிலும் ஒரு குறும்பயணம் இருந்தது. ஜூலை 30 ஆந் திகதி மொன்ரிவிடியோவில் உருகுவேயும் ஆர்ஜென்ரீனாவும் மோதிய இறுதியாட்டத்துக்கு, புவனஸ் அயர்ஸ் நகரத்து ரசிகர்கள் ஆற்றின் அகன்ற முகத்தைக் கப்பலிலே கடந்து வந்தார்கள். ஓர் இரவுப் பயணந்தான். ஆனால் மூடுபனி இறங்கிற்று. கப்பல்கள் சில நேரத்துக்குக் கரை சேரவில்லை. அரங்கிலே ஆர்ஜென்ரீனா இடைவேளையில் 2 - 1 என்று முன்னின்று, முடிவில் 4 - 2 என்று தோற்றுக்கொண்டிருக்க, அதற்காகவே புறப்பட்டவர்கள் வழியிலே நின்றார்கள்.

92 ஆண்டுகளின் பின்னும் இதே காட்சிதான். ஆபிரிக்காவிலிருந்து அரையிறுதிக்கு வந்த முதல் அணி என்ற பெருமையோடு மொரோக்கோ 2022 டிசம்பர் 14 இல் பிரான்சை எதிர்கொண்டது. ரசிகர்களுக்கென அந்நாட்டிலிருந்து சிறப்பு விமானங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுட் சில, ஆட்டத்தன்றே ரத்துச் செய்யப்பட்டன. தலைவனின் செலவழுங்குதல் அவன் அன்பினாலே நிகழ்வது. இவர்களின் செலவழுங்குதலோ இவர்கள் வேண்டாதது. பயணம் அழுங்கியது, பணம் மட்டும் செலவாயிற்று.

இன்னொரு செலவையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கட்டாரின் எட்டு அரங்குகளில் ஏழு இப்போட்டிக்காகவே எழுந்தவை. அந்நாட்டின் கட்டட வேலைகளில் நேபாளம், இந்தியா, வங்காளதேசம், இலங்கை முதலிய நாடுகளின் தொழிலாளர் உழைத்தார்கள். வெயிலிலே மடிந்தோரைப் பற்றியும், கிடைக்காத சம்பளத்தைப் பற்றியும் உலகெங்கும் பேசப்பட்டது. வளைகுடாவிலிருந்து வரும் காசிலே அடுப்பெரியும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! மூன்று நாள் பயணி அமரும் ஆசனத்துக்குப் பின்னால் ஒருவனின் பல ஆண்டுப் பிரிவு இருக்கிறது. பொருள்வயிற் பிரிவு என்று நாம் வகுப்பிலே படிப்பிக்கின்ற பாலை, பழம்பாட்டோடு முடிந்துபோன ஒன்றன்று. அரங்கைப் பார்க்கப் போகிறவர் அதைக் கட்டியவரையும் ஒரு கணம் நினைப்பது, பயணத்தின் கடமைகளுள் ஒன்று என்பேன்.

ஆகவே இக்காலப் பாணர்களுக்கு நான் சொல்லும் ஆற்றுப்படை சிறியது. அணியைத் தெரியாதீர்கள், ஊரைத் தெரியுங்கள். அணியைத் தொடரத்தான் வேண்டுமென்றால் முதல் மூன்று ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை மட்டுமே நிச்சயமானவை. ஆட்டத்துக்கு முதல்நாளே ஊரைச் சென்றடையுங்கள். மூடுபனி எந்த நூற்றாண்டிலும் இறங்கும். ஆட்டமில்லாத ஒரு நாளை வெறுமையாக விட்டுவையுங்கள். அந்த ஊரின் சந்தை, அங்குள்ளவர்களின் சாப்பாடு, மாலையிலே சிறுவர் பந்தடிக்கும் வெளி, இவற்றைப் பார்க்க அந்த நாள் உதவும். ஆட்டம் 90 நிமிடம். மிகுதி நேரமெல்லாம் ஊரோடுதான் கழிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. என் அணி தோற்றால் மறுநாட் காலை அந்த ஊரிலே நான் என்ன செய்வேன் என்று ஒரு தாளிலே எழுதிப் பாருங்கள். மனதுக்கு இசைந்த விடை வந்தால் நுழைவுச்சீட்டை வாங்குங்கள். விடை வராவிட்டால், வீட்டிலே அயலவரோடு கூடியிருந்து தொலைக்காட்சியிலே பார்ப்பதும் நல்ல ஆட்டந்தான்.