சிப்பிக் குஞ்சும் பட்டுப்புழுவும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



உடுமலையிலும் கோபியிலும் பட்டுப்புழு வளர்க்கிற நமக்குக் கடல் சிப்பிக் கதை எதுக்குன்னு நினைப்பீங்க. காரணம் இருக்குதுங்க.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். 1981-ல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்க வைத்து வளர்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சு சுமார் மூன்று வாரம் நீந்தித் திரிந்து, அப்புறம்தான் ஓரிடத்தில் ஒட்டிச் சிப்பியாகும். அந்த மூன்று வாரம்தான் கண்டம். தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி பெருகினால், ஒரு தொட்டிக் குஞ்சும் ஓரிரு நாளில் போய்விடும்.

சிப்பிக்கும் எதிர்ப்பு சக்தி உண்டு. கிருமியின் மேல்தோலை அரிக்கிற லைசோசைம் என்ற புரதம் அதன் உடம்பில் இருக்கிறது. நம் கண்ணீரிலும் கோழிமுட்டை வெள்ளைக்கருவிலும் லைசோசைம் இருக்கிறது. நாம் பிள்ளைக்குச் சீம்பால் தருகிற மாதிரி, சில சிப்பி இனங்களில் தாய் தன் முட்டைக்குள்ளேயே இப்படிப்பட்ட காப்புப் பொருளை வைத்து அனுப்புகிறது. ஆனால், நம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டால் உடம்பில் உருவாகிற எதிர்ப்புப் பொருள் சிப்பிக்குக் கிடையாது. அதனால்தான் குஞ்சு வளர்ப்போர் கடல்நீரை வடிகட்டுகிறார்கள், தொட்டியைக் கழுவுகிறார்கள், நெருக்கமாக விடுவதில்லை.

நம்ம பட்டுப்புழுவும் அப்படித்தாங்க. அதுக்கும் லைசோசைம் உண்டு, தடுப்பூசி கிடையாது. நாலு தடவை தோலுரித்து, ஏறக்குறைய 25 நாளில் கூடு கட்டுகிறது. இதற்குள் பால்புழு நோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை. கூடு போனால் குழுக்கடன் தவணையும் நின்றுபோகும். ஆகவே சுத்தம்தான் நமக்குத் தடுப்பூசி.

1. நோயற்ற முட்டையில் வந்த இளம்புழுவையே வாங்குவோம்.
2. ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் வளர்ப்பு மனையைக் கழுவி, 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடரும் 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து தெளிப்போம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வோம்.
3. கை கால் கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது, வீட்டுக்காரர் உட்பட.
4. நோய்ப்புழுவை வெறும் கையால் தொடாமல் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பில் போட்டுப் புதைப்போம். கோழிக்குப் போடவேண்டாம்.
5. புழுவை நெருக்கிப் போடாமல் இடம் விட்டு வளர்ப்போம்.

இதெல்லாம் தெரிஞ்சதுதானேன்னு விட்டுடாதீங்க. அடுத்த கூட்டத்தில் அவரவர் மனையில் செய்ததை வந்து சொல்லுங்க.