புண்ணுக்குள் இருக்கும் மருத்துவன்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



முதல் உலகப்போர் நடந்த காலத்தில், பிரான்சு நாட்டின் வடகரையிலுள்ள பூலோன் என்னும் துறைமுக ஊரில், சூதாட்ட மனையாக இருந்த ஒரு கட்டடம் ஆங்கிலப் படைஞர்க்கு மருத்துவமனையாக மாறிற்று. அதன் மேல்மாடியில் சிறியதோர் ஆய்வுக்கூடம். அங்கே ஆல்முராத்து இரைட்டு என்னும் மூத்த மருத்துவரும் அவருடைய மாணாக்கர் அலெக்சாந்தர் பிளெமிங்கும் புண்களை ஆய்ந்து கொண்டிருந்தனர். குண்டுச் சிதறல்கள் உடலைத் துளைக்கும்போது, வயலின் எருமண்ணையும் உடுப்பின் கந்தலையும் உடன் இழுத்துக்கொண்டு சென்றன. புண் அழுகியது, சீழ் கட்டியது, குண்டுக்குத் தப்பியவன் புண்ணுக்குத் தப்பவில்லை.

அக்கால அறுவை மருத்துவர் செய்தது என்ன? கார்பாலிக்குக் காடி முதலிய கடுமையான அழுகல்தடுப்பு மருந்துகளைப் புண்ணிலே கொட்டினர். நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தன்றோ? கொட்டக் கொட்ட நலந்தானே என்பது அவர்கள் எண்ணம். பிளெமிங்கு அப்புண்ணின் சீழை எடுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். மருந்து படாத புதுப்புண்ணில், குருதியின் வெள்ளணுக்கள் நுண்ணுயிர்களை விழுங்கிச் செரித்துக் கொண்டிருந்தன. மருந்து கொட்டிய புண்ணிலோ வெள்ளணுக்கள் செத்துக் கிடந்தன. நுண்ணுயிர்கள் செழித்துக் கிடந்தன. ஒரு கண்ணாடிக் குழாயை உருக்கி, ஆழ்புண்ணின் மூலைமுடுக்குகளைப் போல அதில் முட்கூர்களை இழுத்துவிட்டு, அதற்குள் மருந்தை ஊற்றியும் காட்டினார். மருந்து முடுக்குகளைச் சென்று எட்டவேயில்லை. பகைவன் பதுங்கிய இடத்தை எட்டாத படைக்கலம், வாயிலில் நின்ற காவலனை மட்டும் வெட்டிச் சாய்த்தது.

செத்த தசையை அறுத்து நீக்குங்கள், உப்புநீரால் கழுவுங்கள், உடலின் காவலரைக் கொல்லாதீர்கள் என்று இருவரும் எழுதினர். கேட்டவர் சிலரே. கையிலே மருந்துக் குப்பி இருக்கும்போது அதனை ஊற்றாமல் இருப்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

வெள்ளணு தன் பகையை எதனால் கொல்கிறது என்னும் வினா எழுந்ததா என்றால், எழுந்தது. விடை வர எழுபதாண்டு ஆயிற்று.

முதற்கீற்று பிளெமிங்கின் மூக்கிலிருந்தே வந்தது என்றால் நகைக்கத் தோன்றும், உண்மை அதுவே. 1921இல் தமக்குச் சளி பிடித்திருந்தபோது, அச்சளியை எடுத்து நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் இட்டார். சளி பட்ட இடத்தில் மஞ்சள் நிற நுண்ணுயிர்கள் கரைந்தொழிந்தன. பின்னர்க் கண்ணீரில் தேடினார். உடன் பணியாற்றுவோரின் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து கண்ணீர் பெற்றார். உமிழ்நீரிலும் முட்டை வெண்கருவிலும் அப்பொருள் இருந்தது. இலைசோசைம் என்னும் அந்நொதியைப் பற்றி 1922இல் எழுதினார். ஆயினும் கொடுநோய் தரும் நுண்ணுயிர்கள் பலவற்றை அது கொல்லாமையால் அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1928இல் அவர் பெனிசிலினைக் கண்டபின், உலகின் கண்களெல்லாம் அந்தப் பூஞ்சணத்தின் பக்கம் திரும்பின. கண்ணீர் மறக்கப்பட்டது.

அடுத்த படி சுவீடன் நாட்டில். ஆன்சு போமன் என்னும் அறிஞர் பெரிய பட்டுப்பூச்சியினம் ஒன்றன் கூட்டுப்புழுவை எடுத்துக்கொண்டார். நாம் அம்மை போன்ற நோயிலிருந்து மீண்டபின் நம் குருதியில் அந்நோய்க்கென்றே தனிப் படை ஒன்று உருவாகின்றதே, அத்தகைய ஈட்டிய காப்பு பூச்சிக்கு இல்லை. அப்படியிருந்தும் பூச்சியினம் பல கோடி ஆண்டுகளாக வாழ்கின்றது. எவ்வாறு? உறங்கும் கூட்டுப்புழுவின் உடலில் நுண்ணுயிரைச் செலுத்தினார். சிறிது பொழுதில் அதன் உடல்நீர் நுண்ணுயிர் கொல்லும் ஆற்றலைப் பெற்றது. அவ்வாற்றலுக்குரிய பொருள்களை அவர் குழுவினர் பிரித்தெடுத்து 1981இல் வெளியிட்டனர். அவை மிகச் சிறிய புரதத் துணுக்குகள்.

புரதம் என்பது அமினோக் காடி என்னும் மணிகளைக் கோத்த நெடுமாலை. பத்து, இருபது, ஐம்பது மணிகளே கோத்த சிறுமாலையை மேலையறிவியலார் பெப்டைடு என்பர். நாம் குறுங்கோவை என்போம். கோத்தலால் வந்த பெயர். நுண்ணுயிரைக் கொன்று உடலைக் காப்பவற்றைக் காப்புக்கோவை என்று வழங்கினால் பொருள் தானே விளங்கும்.

இப்படிப் பெயர் சூட்டுதலைச் சிலர் வீண்வேலை என்பர். அவர்கள் அடுத்த நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பெதசுடா என்னும் ஊரிலுள்ள அரசு நலவாய்வு நிறுவனத்தில் மைக்கேல் சாசுலோப்பு என்பார், ஆப்பிரிக்க நகத்தவளைகளின் முட்டைகளை ஆய்வுக்கெனப் பயன்படுத்தி வந்தார். தவளையின் வயிற்றைக் கீறி, முட்டைப்பையை எடுத்துவிட்டுத் தைத்து, மீண்டும் தொட்டியில் விடுவார். தொட்டி நீரோ கலங்கல் நீர். நுண்ணுயிர் மொய்க்கும் நீர். அறுவை செய்த எந்த மாந்தனையும் அந்நீரில் இட ஒருவரும் ஒப்பார். தவளையின் புண்ணோ சீழும் கட்டாமல், சிவக்கவும் செய்யாமல் ஆறிற்று. பல நாள் பலரும் கண்ட காட்சிதான் அது. 1986இல் அவர் ஒருவர் நின்று, ஏன் என்று கேட்டார். தவளைத் தோலைக் கரைத்துப் பிரித்து இரண்டு காப்புக்கோவைகளைக் கண்டார். ஒவ்வொன்றிலும் 23 மணிகள். ஒன்றற்கொன்று இரண்டு மணிகளே வேறுபாடு. 1987இல் அச்செய்தியை வெளியிட்டபோது அவர் பெயருக்காக இலத்தீனத்தை நாடவில்லை. ஈபுரு மொழியில் கிடுகை, அதாவது கேடயத்தைக் குறிக்கும் மாகேன் என்னும் சொல்லை எடுத்து மாகைனின் என்று பெயரிட்டார். தொன்மொழிச் சொல்லொன்று ஆய்வுக்கூடத்தின் வாயிற்படியில் தடுக்கி விழவில்லை.

இனி மாந்தனுக்கு வருவோம். 1985இல் அமெரிக்காவின் இலாசு ஏஞ்செலிசு நகரப் பல்கலைக்கழகத்தில் மாந்த வெள்ளணுவிலிருந்து தெபென்சின்கள் என்னும் காப்புக்கோவைகள் பிரிக்கப்பட்டன. பூலோனில் பிளெமிங்கு கண்ட வெள்ளணு, விழுங்கிய நுண்ணுயிரின்மேல் கொட்டும் படைக்கலங்களுள் ஒன்று இது. 1995இல் எல்எல்-37 என்னும் மற்றொன்று வெளிப்பட்டது. 37 மணிகள் கொண்டது. 1997இல் செருமனியின் கீல் நகரத்து ஆய்வாளர், தோல் செதில் செதிலாக உதிரும் சொரியாசிசு நோயாளரின் செதிலிலிருந்தே இன்னொன்றை எடுத்தனர். அந்நோயில் தோல் அத்துணை வெடித்தும் நுண்ணுயிர் தொற்றுவது அரிது. அதற்குக் கரணியம் தேடியவர்க்குக் கிடைத்த விடை அது. 2001இல் வியர்வையிலும் ஒன்று கண்டறியப்பட்டது. தோல், ஈறு, குடல், மூச்சுக்குழல் என வெளியுலகைத் தொடும் இடமெல்லாம் இக்காவல் உண்டு.

இக்கோவை எவ்வாறு கொல்கிறது? நுண்ணுயிரின் மேற்படலம் எதிர்மின் தன்மை மிகுந்தது. காப்புக்கோவைகளிற் பெரும்பாலானவை நேர்மின் தன்மையன. எனவே ஒன்றையொன்று ஈர்க்கும். எல்எல்-37 போன்ற கோவை படலத்தை நெருங்கியதும் திருகுபோல் முறுக்கிக் கொள்கிறது. அதன் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். கொழுப்பு விரும்பும் பக்கம் படலத்துக்குள் புக, படலம் ஓட்டையாகிறது. உள்ளீடு ஒழுகி நுண்ணுயிர் சாகிறது. நம் உயிரணுவின் வெளிமுகமோ பெரிதும் மின்னடுநிலை உடையது. கொலசுட்டிரால் அதனை இறுக்கமும் செய்கிறது. எனவே உரிய அளவில் நம்மவர்க்கு ஊறில்லை. அளவு மீறினால் உண்டு. அந்த அச்சத்தினாற்போலும் எல்எல்-37 உறையிட்ட வாளாகவே வெள்ளணுவில் சேமிக்கப்பட்டுள்ளது. நீண்டதொரு புரதத்தின் வாற்பகுதியாக அது அடங்கிக் கிடக்கும். புண் நேர்ந்து வெள்ளணு அதனை வெளியே உமிழும்போது, ஒரு நொதி உறையை வெட்டி வாளை விடுவிக்கும்.

இதுவரை கூறியது கொல்லும் வேலை. புண்ணில் அதனினும் வியப்பானது தைக்கும் வேலை. 2003இல் சுவீடன் ஆய்வாளர் மாந்தத் தோலின் புண்களை நாள்தோறும் பார்த்தனர். கீறல் ஏற்பட்டதும் புண்ணின் விளிம்புத் தோலில் எல்எல்-37 பெருகிற்று. 48 மணி நேரத்தில் உச்சத்தை எட்டிற்று. புண் மூடியதும் பழைய அளவுக்கு இறங்கிற்று. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோலில் இக்கோவையை வேறொரு பொருளால் கட்டிப்போட்டபோது, புதுத்தோல் படர்வது தடைப்பட்டது. ஆறாப் புண்களின் விளிம்புத் தோலில் தேடினர். அங்கே அது இல்லை. அதே ஆண்டில், புதுக் குருதிக்குழாய்கள் முளைப்பதற்கும் இது தூண்டுகோல் என்று பிறர் காட்டினர். பகைவனைக் கொன்ற கையே இடிந்த மதிலையும் எடுக்கின்றது என்க.

இக்கோவை இல்லாதவர் உண்டா? உண்டு. சுவீடனின் வடபகுதியில் 1956இல் கோசுட்டுமன் என்னும் மருத்துவர் எழுதிவைத்த பிறவிநோய் ஒன்று; குழந்தைகட்கு வெள்ளணுவில் முகாமையான வகையே உருவாகாது. பிற்காலத்தில் புதுமருந்தால் அவ்வணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குழந்தைகளை உயிர்பிழைக்க வைத்தனர். ஆனால் ஈறு அழுகிப் பல் உதிர்வது மட்டும் நிற்கவில்லை. 2002இல் கரணியம் தெரிந்தது: எண்ணிக்கையில் வந்த அணுக்களிடம் எல்எல்-37 இல்லை. ஆள் வந்தான், வாள் வரவில்லை.

கதிரவன் ஒளிக்கும் இதற்கும் தொடர்புண்டு. தென்மார்க்கு நாட்டின் நீல்சு பின்சென், தோலில் வரும் என்புருக்கி நோயை ஒளியால் ஆற்றி 1903இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2006இல், என்புருக்கி நுண்ணுயிரை விழுங்கிய அணு, தோலில் வெயில் பட்டு உருவாகும் உயிர்ச்சத்து டி-யைக் கொண்டு எல்எல்-37ஐ ஆக்கி அந்நுண்ணுயிரைக் கொல்வதாகக் கண்டனர். பின்செனின் ஒளி செய்ததும் இதுதான் என்றோ, இவ்வுயிர்ச்சத்தை விழுங்கினாலே என்புருக்கி நீங்கும் என்றோ எவரும் அதனைக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. நோயாளரிடையே நடந்த ஆய்வுகள் அவ்வளவு தெளிவான பயனைக் காட்டவில்லை.

இவ்வளவும் அறிந்தபின் மருந்தாக்க முனைதல் இயல்பே. மாகைனினைச் சற்று மாற்றி, நீரிழிவு நோயாளரின் காற்புண்ணுக்குப் பூசும் களிம்பொன்று செய்தனர். பழைய மாத்திரையை விட மேலானது என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1999இல் அமெரிக்க மருந்து ஆணையம் இசைவளிக்க மறுத்தது. மீண்டும் முயன்றனர், 2016இல், மருந்தில்லாத வெறுங்களிம்பை விட அது மேம்பட்டதன்று என்றே இரண்டு ஆய்வுகள் முடிந்தன. தவளையின் புண் வேறு. குருதியோட்டம் குன்றி, உணர்வும் மரத்து, புரதம் வெட்டும் நொதிகள் நிரம்பி வழியும் நீரிழிவுப் புண் வேறு. அங்கே கோவையைப் பூசினால், வேலை செய்யுமுன்னரே அது துண்டுபட்டுப் போகக்கூடும்.

நுண்ணுயிரும் வாளா இருப்பதில்லை. சீழ் உண்டாக்கும் நுண்ணுயிரினம் ஒன்று, தன் மேற்படலத்தின் எதிர்மின்னைக் குறைத்துக்கொண்டு காப்புக்கோவையின் ஈர்ப்பிலிருந்து நழுவுகிறது. மண் நுண்ணுயிரொன்று தரும் கோவையினத்து மருந்தான கொலிசுட்டின், வேறெதுவும் பயன்படாதபோது கைகொடுக்கும் கடைசி மருந்து. அதனைப் பன்றிக்கும் கோழிக்கும் தீனியோடு கலந்து ஊட்டினர். அம்மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல், ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றிச் செல்வதைச் சீன நாட்டு ஆய்வாளர் 2015இல் கண்டு அறிவித்தனர். தீனிக்காகத் தொலைத்த மருந்து அது.

வீட்டில் நேரும் சிறுபுண்ணை ஓடும் தூநீரில் நன்றாகக் கழுவி, தூய துணியால் மூடுதல் போதும். நுரைக்கும் மருந்தையும் எரியும் மருந்தையும் நாள்தோறும் ஊற்றினால், பூலோனில் நடந்ததே நம் முழங்காலிலும் நடக்கும். ஆனால் ஆழ்புண், மண் புகுந்த புண், விலங்கு கடித்த புண், நீரிழிவாளரின் காற்புண் ஆகியவற்றை உடலே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுதல் பெருந்தவறு. இசிவுநோய் ஊசியும் மருத்துவரும் அங்கே இன்றியமையாதன.

எல்எல்-37ஐயே மருந்தாக்கிப் பார்த்த ஆய்வும் ஒன்று உண்டு. 2014இல் வெளியான அதில், காலில் நெடுநாள் ஆறாப் புண்ணுடைய 34 பேர் பங்கு கொண்டனர். மூன்று அளவுகளில் மருந்து இடப்பட்டது. குறைந்த இரண்டு அளவுகளிலும் புண் விரைந்து சுருங்கிற்று. மிகுந்த அளவு இட்டவர்க்கு அப்பயன் இல்லை. பின்னர்ப் பலரைக் கொண்டு நடந்த பேராய்வில், எல்லாரையும் ஒருங்கே நோக்கியபோது வேறுபாடு புலப்படவில்லை. பெரும்புண் உடையோரிடத்தில் மட்டும் நற்குறி தெரிந்தது. புண் எவ்வளவு கேட்கிறது, எப்போது போதும் என்கிறது என்பதைத்தான் ஆய்வாளர் இப்போது அளந்து கொண்டிருக்கின்றனர்.