கடல் இயந்திரத்துக்கு நன்னீர்க் கழுவல்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி நிதியைப் பற்றியும் விவாகச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் எனக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். அடியேன் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப் போல் பெருமை வாய்ந்ததன்று. கடலினின்று மீண்ட வெளிப்பொருத்து இயந்திரத்தின் உள்ளே தங்கும் உப்பை நன்னீர் கொண்டு போக்கும் முறையைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அற்ப விஷயமென்று சிலர் கருதலாம். ஆயினும், நம்மவரிற் பலருக்கு வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பொருள் முடங்கியிருப்பது இவ்வியந்திரத்திலேயன்றோ? வாங்கிய கடன் தீருமுன் இயந்திரம் உப்பால் அழிந்துபோமாயின், கடன் மட்டும் நிற்கும், பொருள் நில்லாது.

அமெரிக்காவில் ஓலி எவின்ரூட் என்பார் 1909-ஆம் ஆண்டில் இத்தகைய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நமது தென்கரையில் அது பரவியது 1980-களிலாம். பாயையும் துடுப்பையும் நம்பியிருந்த வள்ளங்கள் அதன் பின்னர் காற்றை எதிர்பாராமல் தொலைவு செல்லத் தொடங்கின. தொலைவு செல்லச் செல்ல, இயந்திரம் நின்றால் நேரும் ஆபத்தும் பெருகிற்று. ஆதலின் இயந்திரத்தைப் பேணுவது பணத்தைக் காப்பது மாத்திரமன்று, உயிரைக் காப்பதுமாம்.

உப்பு உள்ளே புகும் வழியை முதலில் அறிதல் வேண்டும். மோட்டார் வண்டியில் ரேடியேட்டரில் நிரப்பிய ஒரே நீர் சுற்றிச் சுற்றி வந்து வெப்பத்தைத் தணிக்கிறது. நமது இயந்திரத்துக்கோ கடலே ரேடியேட்டர். நீருள் அமிழ்ந்திருக்கும் அடிப்பாகத்துத் துளைகளின் வழியே கடல்நீர் புகுகிறது. இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம் அதனை மேலே ஏற்றுகிறது. நீர் சிலிண்டரைச் சூழ்ந்த குறுகிய வழிகளிற் பாய்ந்து, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கே பக்கவாட்டில் தாரையாகப் பீச்சுகிறது. அத்தாரை தளர்ந்தால் உள்ளே அடைப்பு உண்டாயிற்று, அல்லது ரப்பர்ச் சக்கரம் தேய்ந்தது என்று ஐயுற வேண்டும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இயந்திரம் ஓடி நீர் பாய்ந்துகொண்டிருக்கும்வரை சோற்றுப்பு படிவதில்லை. கரையேறிய பின்னர் உள்ளே தேங்கிய நீர் உலரும்போதுதான் அது மணிமணியாகப் படிகிறது. இந்த உப்பு நன்னீரில் எளிதிற் கரையும். மற்றொரு படிவும் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெண்மையாகப் பற்றுவது போல, சூடேறிய உலோகத்தின்மேல் சுண்ணாம்பு வகைப் படிவு பற்றும். இது நன்னீருக்கு இளகாது. இறுகிவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்து மெல்லிய அமிலங்கொண்டே நீக்க வேண்டும். உப்பு தங்கத் தங்க அலுமினியம் அரிக்கப்படும், நீர்வழி குறுகும், வெப்பம் மிகும், முடிவில் பிஸ்டன் இறுகி நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடும்.

இனிக் கழுவும் முறையைக் கூறுவேன். குழாய் நீர் விசையுடன் வரும் இடங்களில், நீர் புகும் துளைகளின்மேல் பொருத்தும் ரப்பர்க் கிண்ணங்களையும் ஹோஸ் குழாயையும் கொண்டு கழுவலாம். நமது ஊர்களுக்கு ஏற்றது பீப்பாய் முறையே. இயந்திரத்தை உறுதியான சட்டத்தில் நிமிர்த்திப் பூட்டி, அடிப்பாகத்தைப் பீப்பாயில் இறக்குக. துளைகளுக்கு நன்கு மேலாக நீர் நிற்றல் வேண்டும். சுழல்விசிறியை முன்னதாகவே கழற்றிவிடுக. கியரை நியூட்ரலில் நிறுத்தி, குறைந்த வேகத்தில் 10 நிமிஷமாவது ஓட்டுக. பல இயந்திரங்களில் தெர்மாஸ்டாட் என்னும் கதவு சூடேறிய பின்னரே திறக்குமாதலால், ஓரிரு நிமிஷம் ஓட்டி நிறுத்துவதில் முழுப்பயன் இல்லை. நீரின்றி ஒருபோதும் ஓட்டலாகாது. ரப்பர்ச் சக்கரம் விரைவிற் கருகிவிடும். புகை நச்சுடையதாகையால் வீட்டினுள்ளும் கொட்டகையினுள்ளும் ஓட்டற்க. முடிந்தபின் நிமிர்ந்த நிலையிலேயே நீரை வடியவிடுக. அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்ளும்பொருட்டு வெளியே பொருத்திய துத்தநாகக் கட்டியின்மேல் பெயின்ட் பூசினால் அதன் பயன் கெடும். பாதி கரைந்ததும் புதிது மாற்றுக.

"குடிக்கவே நீரில்லாத ஊரில் இயந்திரத்துக்கு நீரா?" என்று சகோதரிகள் கேட்பார்கள். கேட்பது நியாயமே. குடம் சுமப்பவர் அவர்களே. அவர்கள் கொணர்ந்த நீரைக் கேளாமல் எடுத்துப் பீப்பாயில் ஊற்றுவது முறையன்று. அதற்கு அவசியமும் இல்லை. இயந்திரத்துள் 2 லிட்டர் கடல்நீர் தேங்கியிருப்பதாகவே கொள்வோம். அதிலுள்ள உப்பு 70 கிராம். அது 200 லிட்டர்ப் பீப்பாயிற் கலந்தால், லிட்டருக்கு 0.35 கிராம் ஆகும். கடல்நீரின் உப்பில் நூற்றிலொரு பங்கே. ஆகவே ஒரு பீப்பாய் நீரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இயந்திரங்களைக் கழுவலாம். நீர் சூடேறினால் ஆறவிடுக. எண்ணெய் மிதந்தால் மாற்றுக. அவ்வழுக்குநீரைக் கிணற்றருகே கொட்டற்க. குடிக்கவொண்ணாத உவர்க்கிணற்று நீரும், கடல்நீரை நோக்கப் பன்மடங்கு உப்புக் குறைந்ததாயின், இதற்கு உதவும்.

நாள்தோறும் கழுவுவதே உத்தமம். அஃது இயலாத இடத்தில், மறுநாள் கடலுக்குப் போகாமல் இயந்திரம் ஓய்ந்திருக்கும் சமயத்திலாவது கட்டாயம் கழுவுக. புயற்காலத்தில் வாரக்கணக்கில் கரையில் நிற்கும்போதே உப்பு உலர்ந்து இறுகுகிறது.

தனித்தனியே பீப்பாயும் சட்டமும் தேடுவது ஏழைக் குடும்பங்களுக்குப் பாரமாம். ஆகையால் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கரையோரத்துத் தெருவுக்கொரு பீப்பாயும் சட்டமும் பொதுவில் அமைத்துத் தருக. சங்கக் கட்டிடத்தின் கூரைநீரைத் தொட்டியிற் பிடித்து வைக்க ஏற்பாடு செய்க. 100 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் நீர் விழும். சிறிது சிதறினாலும் நான்கு பீப்பாய் நிரம்பும். ஐப்பசி கார்த்திகை மழையில் இது எளிதிற் கூடும். பாதுகாக்கும் பொறுப்பைத் தெருவாரே முறைவைத்து ஏற்றுக்கொள்ளட்டும்.

வலையைக் காயவைக்காமல் வீட்டுக்குப் போகாத குலம் நம்முடையது. அந்த ஒழுக்கத்தை இயந்திரத்துக்கும் நீட்டுவதே யான் வேண்டுவது. இதனை ஒரு தீர்மானமாக ஏற்று இன்றே நிறைவேற்றித் தருமாறு மகாசபையாரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.