எட்டரை மணிக்கு ஒரு குக்கர்: அரிசியும் பருப்பும்

இந்த வாரம் ஒரே ஒரு சாப்பாட்டைப் பத்திப் பேசப்போறேன். கோயம்புத்தூர் பக்கம் 'அரிசியும் பருப்பும்'னு சொல்ற அரிசி பருப்பு சாதம்.

ராத்திரி எட்டரைக்கு லேப்டாப்பை மூடினதும் கை தானா போனுக்குப் போகுது இல்லையா? எனக்கும் அப்படித்தான், வாரத்துல ரெண்டு நாள் நானும் ஆர்டர் பண்றவன். ஆனா அதைத் தவிர வேற வழியே தெரியாம இருந்தா, ஒரு நாள் சிக்கல்தான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னையில நிறைய ஏரியால தண்ணி தேங்கி, நாள் கணக்குல கரண்ட் வரலை. எங்க ஃப்ளாட்ல மூணு பேர். நெட் இல்லை, ஆப் திறக்கலை. கையில இருந்தது கேஸ் அடுப்பு, குக்கர், ரெண்டு கேன் தண்ணி, அரிசி, துவரம்பருப்பு, வெங்காயம். ரெண்டு நாள் இதைத்தான் சாப்பிட்டோம். ஏற்கனவே பல தடவை பண்ணிக் கை பழகியிருந்ததால யாரும் பதறலை.

இப்போ செய்முறை. ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் பொன்னி அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேல துவரம்பருப்பு. ரெண்டையும் சேர்த்துக் கழுவி அரை மணி நேரம் ஊற வைங்க. அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடலாம்.

குக்கர்லயே ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய் ஊத்தி, கடுகு, சீரகம், அஞ்சாறு மிளகு, ரெண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிங்க. பத்துப் பதினஞ்சு சின்ன வெங்காயம், ஆறேழு பல் பூண்டு போட்டு வதக்கி, ஒரு தக்காளி சேருங்க. கால் ஸ்பூன் மஞ்சத்தூள், ஒரு ஸ்பூன் சாம்பார் பொடி. மூணரை டம்ளர் தண்ணி ஊத்தி, கொதி வந்ததும் அரிசி, பருப்பு, உப்பு. மிதமான தீயில மூணு விசில். பிரஷர் தானா அடங்குற வரைக்கும் மூடியைத் தொடாதீங்க. உள்ள வேகுறது இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கும்.

என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு 'ஏன்'னு தெரிஞ்சாதான் மனசுல நிக்கும். முதல்ல தாளிப்பு. மசாலா வாசனையில பெரும்பகுதி எண்ணெய்லதான் கரையும், தண்ணியில அவ்வளவா கரையாது. அதனால பொடியையும் எண்ணெய்லயே ஒரு நிமிஷம் புரட்டுங்க, கருகாம பார்த்துக்கங்க.

அடுத்தது, பருப்பு வேகலைங்கிற புகார். பழைய பருப்பா இருக்கலாம். இல்லைன்னா போர் தண்ணி. உப்புத்தண்ணியில இருக்கிற கால்சியம் பருப்பை சீக்கிரம் மெத்துன்னு ஆக விடாது. புளிப்பும் அப்படித்தான். சாம்பாருக்குப் பருப்பைத் தனியா வேகவெச்சுட்டு அப்புறம்தானே புளித்தண்ணியில சேர்க்கிறாங்க? காரணம் இதுதான். இங்க எல்லாம் ஒரே குக்கர்ங்கிறதால தக்காளி ஒண்ணு போதும். ஊற வைக்கிறதையும் விடாதீங்க.

சத்து விஷயத்துலயும் இது நல்ல ஜோடி. அரிசிப் புரதத்துல லைசின் கம்மி, பருப்புல அது நிறைய. பருப்புல மெத்தியோனின் கம்மி, அரிசி அதை ஈடு கட்டும்.

இறக்கினதும் மேல ஒரு ஸ்பூன் நெய். தொட்டுக்க அப்பளம், ஊறுகாய், இல்லைன்னா வெறும் தயிர். சாதம் ஆற ஆற இறுகும், அதனால திறக்கும்போது கொஞ்சம் தளர்வா இருந்தா கவலைப்படாதீங்க. மிச்சத்தை ராத்திரி முழுக்க வெளிய வைக்காம ஃப்ரிட்ஜ்ல வைங்க. மறுநாள் கொஞ்சம் வெந்நீர் தெளிச்சு நல்லா சூடு பண்ணினா மதிய டிபன் பாக்ஸும் ரெடி.

இந்த வாரம் ஒரே ஒரு ராத்திரி ட்ரை பண்ணுங்க. உங்க வீட்டுத் தண்ணியில, உங்க குக்கர்ல எத்தனை விசில் தேவைப்பட்டுச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.