இருபது வயதும் கல்கத்தா நகரமும்



இருபதிலிருந்து முப்பது வரை உள்ள பருவம் விசித்திரமானது. பசி நிறைய உண்டு, பணம் இராது. பொழுது நிறைய உண்டு; அதைப் போக்கும் வழி தெரியாது. அபிப்பிராயங்கள் ஏராளமாக உண்டு. அவற்றைக் கேட்பார் இல்லை. இந்த மூன்று குறைகளையும் சுமந்துகொண்டு ஒரு தமிழ் வாலிபன் பாஷை தெரியாத பெருநகரம் ஒன்றில் வந்து இறங்கினால் அவன் கதி என்ன? கல்கத்தாவில் இறங்கியிருந்தால் அவன் பிழைத்தான் என்றே சொல்லுவேன். 2001-ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் கொல்கத்தா. ஆயினும் நம்மவர் நாவில் பழைய பெயரே இனிக்கிறது.

சுருக்கெழுத்தையும் தட்டெழுத்தையும் மூலதனமாகக் கொண்டு ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கிய தமிழர் பலர், தென் கல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறினார்கள். அங்கே முருங்கைக்காய் கிடைக்கும், வாழையிலை கிடைக்கும், கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும். இதிலே ஒரு சௌகரியம் உண்டு. ஓர் அபாயமும் உண்டு. அங்கே முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு, "எவ்வளவு?", "வேண்டாம்" என்ற இரண்டே வங்காளிச் சொற்களோடு ஊர் திரும்பிய மகானுபாவர்களும் உண்டு! மாலையில் அறைக்குத் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஊரிலிருந்து கடிதம் வரவில்லையே என்று ஏங்குகிற பிள்ளைக்கு முருங்கைக்காய் மட்டும் துணையாகுமா?

அறையை விட்டு வெளியே வந்தவனுக்குக் கிடைத்த முதல் கேளிக்கை பாஷைதான். அதற்கு டிக்கெட் கிடையாது. வங்காளிகள் தண்ணீரைச் சாப்பிடுவதாகச் சொல்லுகிறார்கள், தேநீரையும் சாப்பிடுகிறார்கள். காப்பி சாப்பிடுகிற நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் அவர்கள் சிகரெட்டையும் சாப்பிடுகிறார்கள், அடி விழுந்தால் அதையும் சாப்பிடுகிறார்கள், முத்தத்தையும் விட்டுவைப்பதில்லை! இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். "நீங்கள் காசு கொடுக்காமலே அடி வாங்குகிறீர்களாமே, எந்தக் கடையில்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்லுவது?

நம் பெயர்களோ அவர்களுக்கு ஒரு கேளிக்கை. வேங்கடராமன் அவர்கள் வாயில் பேங்கடராமன் ஆகிவிடுவார். சுப்பிரமணியன் 'ஷுப்ரொமொனியம்' ஆகிவிடுவார். பெயர் சிதைந்தது என்று கோபித்துக்கொண்டவன் அறைக்குத் திரும்பினான். கூடச் சேர்ந்து சிரித்தவனுக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான்.

சிநேகிதன் கிடைத்துவிட்டால் அடுத்தது 'அட்டா'. ஓயாமல் பேசுகிறவனை நம் ஊரில் வெட்டிப் பேச்சுக்காரன் என்பார்கள். வங்காளத்தில் அவன் ஒரு கலைஞன்! நண்பர்கள் கூடி, காரியம் எதுவும் இன்றிப் பேசி மகிழ்வதே அட்டா. கல்லூரித் தெருவிலே, பழைய ஆல்பர்ட் மண்டபத்தில், 1942-இல் காப்பி ஹவுஸ் தோன்றியது. அட்டாவுக்கு அதுவே தலைநகரம். தேநீர் நாட்டிலே காப்பிக்கு ஒரு கோயிலா என்று ஆவலோடு ஓடிய கும்பகோணத்துப் பிள்ளை அங்கே திடுக்கிட்டான். பால் கலவாத கறுப்புக் காப்பியை 'இன்ஃப்யூஷன்' என்று சொல்லிப் பருகிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டிலே டிகாக்ஷன் என்ற பெயரோடு பாலுக்காகக் காத்திருக்கிற பொருள் அல்லவா அது! ஆனால் ஒரு கோப்பைக்கு மூன்று மணி நேரம் நாற்காலி கிடைக்கும் என்று தெரிந்தபோது, பால் இல்லாத குறை மறைந்தது. கேட்பாரற்றுக் கிடந்த அவன் அபிப்பிராயங்களுக்கும் நான்கு செவிகள் கிடைத்தன.

இருபது வயதுக்காரனுக்குச் சேர்வதற்கு ஒரு கட்சியும் வேண்டும். கல்கத்தாவில் அது கால்பந்துக் கட்சி. மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்ற கேள்விக்கு விடை சொல்லாதவன் அங்கே மனிதனே அல்லன். 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையை 'பஞ்ச பாண்டவர்' என்று ஊரே கொண்டாடியது. அவர்கள் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. ஐவருமே தென்னாட்டவர்! 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஐ.எஃப்.ஏ. கேடயம் அந்த அணிக்கே கிடைத்தது. பகலிலே தட்டெழுத்துப் பிழைக்காக மேலதிகாரி முன் தலைகுனிந்த பிள்ளை, மாலையிலே மைதானத்தில் தலைநிமிர்ந்து நின்றிருப்பான். ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஆதரவாளர் வீடுகளில் ஹில்சா மீன். மோகன் பகான் வென்றால் இறால். நம் சைவ ரசிகனோ, எந்தக் கட்சி வென்றாலும் தயிர்சாதமே உண்டான்!

சினிமாவையும் சொல்ல வேண்டும். 1959-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபுர் சன்சார்' படத்திலே, வேலையற்ற வாலிபன் அபுவிடம் மூன்று மாத வாடகை பாக்கியைக் கேட்டு வீட்டுக்காரர் வருகிறார். அந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்புத் தேவை இல்லை. வாடகை பாக்கி உலகப் பொதுமொழி அல்லவா! அபுவாக நடித்த சௌமித்ர சட்டர்ஜிக்கு அப்போது வயது 24. அதற்கு முன்பு அவர் கல்கத்தா வானொலியில் அறிவிப்பாளர். ஆகவே, வானொலியில் பேசுகிறவர்களை நேயர்கள் இலேசாக எண்ணிவிட வேண்டாம்!

இன்று கல்கத்தாவுக்கு வருகிற தமிழ் இளைஞர், சால்ட் லேக் ஐந்தாம் பகுதியிலுள்ள கணினி நிறுவனங்களுக்கு வருகிறார். சுருக்கெழுத்து அவருக்குத் தெரியாது, தனிமை தெரியும். தமிழ்ப் படம், தமிழ்ப் பாட்டு, ஊர்ச் செய்தி எல்லாம் கைபேசியில் வந்துவிடுகின்றன. அம்மாவின் முகமும் அதிலேயே தெரிகிறது. நல்ல வசதிதான். ஆனால் லேக் மார்க்கெட்டின் பழைய அபாயம் இப்போது உள்ளங்கைக்கே வந்துவிட்டது. கதவைத் திறக்காமலே ஒரு நகரத்தில் பத்து ஆண்டு வாழ்ந்துவிடலாம்.

காப்பி ஹவுஸில் கூடிப் பேசிப் பின்னர் திசைக்கொருவராய்ப் பிரிந்துபோன நண்பர்களைப் பற்றி, 1983-இல் மன்னா தே ஒரு பாட்டுப் பாடினார். அதைக் கேட்கும் வங்காளி இன்றும் கண் கலங்குவான். அப்படிக் கலங்குவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். இருபது வயதில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவனுக்கே அறுபது வயதில் நினைத்து ஏங்க ஏதேனும் இருக்கும்.

ஆகையால், கல்கத்தாவிலோ, தில்லியிலோ, மும்பையிலோ தனி அறையில் அமர்ந்து இதைக் கேட்கும் தம்பிமாரே, தங்கைமாரே! பேச்சு முடிந்ததும் சற்றே வெளியே செல்லுங்கள். அவ்வூர்ப் பாஷையைத் தப்பும் தவறுமாகவே பேசுங்கள். யாரேனும் சிரிப்பார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரியுங்கள். அந்நிய ஊர் சொந்த ஊராவது அந்தச் சிரிப்பில்தான் தொடங்குகிறது.