கல்யாணத்துக்கு முன்னால் ஊர் பார்த்தோம்



"சிங்கப்பூர் போய்ட்டு வந்தீங்களே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. ஊர் சுத்தின கதையை மட்டும் சொல்லி உங்க நேரத்தை எடுத்துக்க மாட்டேனுங்க. அந்த ஒரு நாள்ல நாங்க தெரிஞ்சுக்கிட்டது பொண்ணு பெத்த எல்லாருக்கும் உதவும். அதனாலதான் பேச வந்தேன்.

நம்ம பக்கம் ஒரு பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறதுக்கு முன்னால மாப்பிள்ளை வீடு பார்க்கப் போறோம். கிணத்துல தண்ணி இருக்கா, கூரை ஒழுகுதா, மாமியார் பேச்சு எப்படின்னு பார்க்கிறோம். பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கிற சாக்குல பையன் குணத்தை விசாரிக்கிறோம். ராசிபுரத்துல கொடுத்தாலும் சரி, பரமத்தி வேலூர்ல கொடுத்தாலும் சரி, இதை விடறதில்லை. பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல போயிடற ஊருக்கே இத்தனை விசாரிப்பு. கடல் தாண்டிக் கொடுக்கும்போது மட்டும் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டு, போன்ல போட்டோ பார்த்து, தலையாட்டிடறோம்.

எங்க குழுவுல ஒரு அக்கா. வீட்டுக்காரர் இல்லாம, குழுவுல கறவை மாட்டுக் கடன் வாங்கி, பால் ஊத்தியே மகளை நர்ஸ் படிக்க வெச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுது. அங்கேயே பிறந்து வளர்ந்த நம்ம தமிழ்ப் பையனோட கல்யாணமும் முடிவாச்சு. ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்காததால கல்யாணத்தை அங்கேயே வெச்சுக்கிட்டாங்க. அக்காவுக்குத் துணையா நாங்க ரெண்டு பேர் போனோம். குழுக் கடனைத் தொடலை. ஆளுக்கு ஒரு கிடேரியை வித்து டிக்கெட் எடுத்தோம்.

திருச்சியில ஏறினா நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவு நேரமும் அக்கா வாயே திறக்கலை. காரணம் எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்தாங்க. போன ஒரு மாசத்துல அவ பாஸ்போர்ட்டைப் புகுந்த வீட்டுக்காரங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்க. யார்கிட்டச் சொல்றதுன்னே தெரியாம ஒன்றரை வருஷம் தவிச்சுது அந்தப் பிள்ளை. அக்கா மனசுல அதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கல்யாணத்துக்கு முந்தின நாள், பொண்ணோட சிநேகிதிங்க மூணு பேர் லீவு போட்டு வந்தாங்க. ஒருத்தி தஞ்சாவூர், ஒருத்தி கேரளா, ஒருத்தி பிலிப்பைன்ஸ் நாடு. "ஆன்ட்டி, முதல்ல சிங்கம் சிலை பார்க்கலாம்"னு கூப்பிட்டாங்க. அக்கா சொன்னாங்க: "சிங்கத்தைச் சாயங்காலம் பார்த்துக்கலாம் கண்ணு. இவ குடியிருக்கப் போற வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறதுன்னு முதல்ல காட்டு."

அதுல இருந்து அந்த நாளே மாறிப் போச்சுங்க. அடுக்குமாடி வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப்புக்கு எத்தனை எட்டுன்னு நடந்து பார்த்தோம். கார்டைத் தட்டி பஸ்ஸும் ரயிலும் ஏறினோம். அங்கே பலதுறை மருந்தகம்னு சொல்ற அரசாங்க ஆஸ்பத்திரியைப் பார்த்தோம். போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. அக்கா ரெண்டையும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. இந்தியத் தூதரகம் கிரேஞ்ச் ரோட்டுல இருக்கு. அதுக்கு எப்படிப் போறதுன்னு பொண்ணையே வழி சொல்ல வெச்சாங்க.

மத்தியானத்துக்கு முன்னால சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1819-ல பினாங்குல இருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளைங்கிறவர், செங்கல் சூளை போட்டுப் பிழைச்சவர், 1827-ல தொடங்கின கோயில் அது. முதல்ல மரமும் கீற்றும்தான். அப்புறம்தான் செங்கல்லுல எழும்பினது. புதுசா கப்பல்ல வந்து இறங்கினவங்க, வேலை கிடைக்கிற வரைக்கும் அந்தக் கோயில்லதான் தங்குவாங்களாம். ஒரு காலத்துல இந்துக் கல்யாணங்களைப் பதிவு பண்ற இடமும் அதுதானாம். ஐப்பசியில அங்கே தீமிதியும் நடக்குது.

அதைக் கேட்டதும் எனக்குத் தோணினது இதுதான். ஊர் விட்டு ஊர் போனவங்களுக்கு அன்னைக்கே ரெண்டு விஷயம் தேவைப்பட்டிருக்கு. ஒண்ணு, ஒதுங்க ஓர் இடம். இன்னொண்ணு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் ஆச்சுன்னு சொல்ற ஒரு பதிவு. கிட்டத்தட்ட 200 வருஷம் ஆகியும் கடல் தாண்டிப் போற பொண்ணுக்கு அதே ரெண்டும்தான் வேணும்.

பதிவைப் பத்தி மாப்பிள்ளைப் பையனே விளக்கினார். 1961-ல அங்கே மாதர் சாசனம்னு ஒரு சட்டம் வந்திருக்கு. ஒருத்தனுக்கு ஒருத்திதான்னு அந்தச் சட்டம் சொல்லுது. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். கல்யாணத்துக்குக் குறைஞ்சது 21 நாள் முன்னாலயே பதிவகத்துல தெரிவிக்கணும். அவங்க அதை முடிச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் காகிதத்தை அக்கா கையில வாங்கி, பேரு, பிறந்த தேதி எல்லாத்தையும் எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. பையன் முகம் சுளிக்கலை. எனக்கு அவர் மேல மதிப்பு வந்தது அந்த இடத்துலதான்.

தேக்கா மார்க்கெட்டுல சாப்பிட்டோம். முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழையிலை எல்லாம் கிடைக்குது. அறிவிப்புப் பலகைகள்ல தமிழ் இருக்கு. அங்கே நாலு ஆட்சிமொழியில தமிழும் ஒண்ணு. சாயங்காலம் அந்தச் சிங்கத்தையும் பார்த்தோம். மீன் உடம்பு, சிங்கத் தலை, 8.6 மீட்டர் உயரம். நம்ம ஊர் ஆஞ்சநேயர் 18 அடின்னா, இது 28 அடி. எங்க கூட வந்த தங்கச்சி, "உயரமா இருந்தா ஆச்சா, நம்ம ஆஞ்சநேயருக்குச் சாத்தற மாதிரி வடைமாலை உண்டா?"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம்.

சிரிச்சு முடிச்சதும் அக்கா மகளைப் பார்த்து, "நடு ராத்திரியில ஒரு பிரச்சனைன்னா யாரைக் கூப்பிடுவே?"ன்னு கேட்டாங்க. பொண்ணு பதில் சொல்றதுக்குள்ள அந்த பிலிப்பைன்ஸ் பிள்ளை அக்கா கையில இருந்த நோட்டை வாங்கி, தன் பேரையும் நம்பரையும் எழுதுச்சு. பாஷை தெரியாத பிள்ளைங்க அது. கேள்வி மட்டும் எப்படியோ புரிஞ்சிருக்கு. மத்த ரெண்டு பேரும் வாங்கி எழுதினாங்க. அன்னைக்கு ராத்திரிதான் அக்கா நிம்மதியாத் தூங்கினாங்க. கல்யாணமும் நல்லபடியா நடந்துச்சு.

சகோதரிகளே, எல்லாராலயும் பிளேன் ஏறிப் போய்ப் பார்க்க முடியாது. எனக்குத் தெரியும். ஆனா கேள்வியை இங்கே உட்கார்ந்தே கேட்கலாம். பையன் வேலை பார்க்கிற இடத்துக்கு எழுதிக் கேட்கலாம். வீடு எங்கே, விசா எந்த வகை, அந்த விசாவுல நம்ம பொண்ணு வேலைக்குப் போகலாமா, முன்னால கல்யாணம் ஆகியிருக்கான்னு விசாரிக்கலாம். கல்யாணம் நம்ம தமிழ்நாட்டுல நடந்தா, 2009-ம் வருஷச் சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணியே ஆகணும். பாஸ்போர்ட் பொண்ணு கையிலதான் இருக்கணும். அது இந்திய அரசாங்கத்தோட சொத்து, புருஷனோ மாமியாரோ பறிச்சு வைக்க உரிமை இல்லை. அதோட நகலும் கல்யாணச் சான்றிதழ் நகலும் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கணும்.

அதையும் மீறிச் சிக்கல் வந்தா வழி இருக்கு. அந்த நாட்டு இந்தியத் தூதரகம் இருக்கு. தேசிய மகளிர் ஆணையத்துல வெளிநாட்டு மாப்பிள்ளை பிரச்சனைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. வெளியுறவு அமைச்சகம் 2015-ல தொடங்கின 'மதத்' இணையதளத்துலயும் புகார் பதியலாம். அந்தப் பேருக்கு உதவின்னு அர்த்தம். இங்கே இருக்கிற நமக்கு 181 இருக்கு.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வெச்சு முடிச்சுக்கறேன். கடன் கொடுக்கிறதுக்கு முன்னால குழுவுல எத்தனை கேள்வி கேக்கிறோம்? எதுக்கு, எப்படித் திருப்புவே, ஜாமீன் யாருன்னு கேட்டு, தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கறோம். உறுப்பினர் வீட்டுப் பொண்ணுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம் வந்தா, அதே மாதிரி ரெண்டு பேர் கூடப் போய் விசாரிக்கணும். கிடைச்ச பதிலை நோட்டுல எழுதி வைக்கணும். பொண்ணோட அம்மா தனியாக் கேட்டா, "சந்தேகப்படறாங்க"ன்னு சொல்லிடுவாங்க. குழுவாப் போய்க் கேட்டா யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானமா வைக்கணும்னு கேட்டுக்கறேன்.