பளபள ஜெட்டும் சம்பளச் சீட்டும்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் செய்திமடல் வாசகர்களுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



போன மாதம் பி பிளாக் நண்பர் ஒருவர் விமானத்தில் தூத்துக்குடி போய் வந்தார். "சார், ஜெட் என்று நினைத்து டிக்கெட் போட்டேன். காத்தாடி வைத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இறங்கும் வரை கந்த சஷ்டி கவசம்தான்" என்றார். அவர் போனது ஏடிஆர் 72. அந்தக் காத்தாடியைச் சுழற்றுவதும் உள்ளே இருக்கும் டர்பைன் என்ஜின்தான், குறைந்த தூரத்துக்கு எரிபொருள் சிக்கனம், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. "என்ன இருந்தாலும் ஜெட் ஜெட்தான் சார்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டார்.

இந்த ஜெட் மோகம் பயணிகளுக்கு மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள். விமானிகளுக்கும் உண்டு. அதனால் அவர்களுக்குள் எழுந்த சண்டையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். விமானத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் இது பாதி விமானக் கதை, பாதி சம்பளக் கதை. இரண்டாவது பாதி எனக்குப் புரியும்.

2019ல் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அமெரிக்காவில் சின்சினாட்டி. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற விமானி. காலை நடைக்கு அவர்தான் துணை. நம் ஊரில் பென்ஷன்காரர்கள் டி.ஏ. பற்றிப் பேசுவதுபோல, அவருக்கு எந்தப் பேச்சை எடுத்தாலும் சீனியாரிட்டி பட்டியலில் வந்து நிற்கும். அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

1990களில் அவர் 19 இருக்கை விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏன் 19? அதற்கு மேல் ஓர் இருக்கை கூடினாலும் பணிப்பெண் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே 19. பணிப்பெண் கிடையாது, அநேகமாகக் கழிப்பறையும் கிடையாது. பெல்ட் போடுங்கள் என்று பயணிகளிடம் சொல்வது துணை விமானிதான். சில ஊர்களில் பெட்டி ஏற்றுவதும் அவர்தான். அவருடைய கம்பெனி விமானங்களில் ஆட்டோபைலட்கூட இல்லை. ஒரு நாளில் ஏழெட்டு முறை கையாலேயே ஏற்றி, கையாலேயே இறக்க வேண்டும். மேகத்துக்கு மேலே போக முடியாது. மழையும் பனியும் எங்கே இருக்குமோ அந்த உயரத்திலேயே பறக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் வந்தவைதான் சிறிய ஜெட் விமானங்கள். கனடாவின் சிஆர்ஜே, 50 இருக்கை. 1992ல் ஜெர்மனியில் ஓடத் தொடங்கி, 1993ல் அமெரிக்காவுக்கு வந்தது. சின்சினாட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட கோம்ஏர்தான் அங்கே அதை முதலில் வாங்கியது. சில ஆண்டுகளில் பிரேசிலின் எம்ப்ரேயர் ஜெட்டும் வந்து சேர்ந்தது. அதிர்வு இல்லை, வேகம் அதிகம், மேகத்துக்கு மேலே வெயிலில் போகலாம்.

ஒருநாள் அவருடைய கம்பெனியில் இருந்த ஓர் இளைஞன், டோநட் பெட்டியோடு விமானிகள் அறைக்குள் வந்தானாம். வேறு கம்பெனியில் ஜெட் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. கால் தரையில் இல்லை. அந்த விமானத்தின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினான். நாம் பேரப்பிள்ளை படம் காட்டுவதைப்போல.

அறையில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து கை குலுக்கினார். ஒருவர் டோநட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஒருவர் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். பையன் தொகையைச் சொன்னதும் அறையே சிரித்துவிட்டது. அப்போது நம் நண்பர், "உனக்கு எஸ்ஜேஎஸ் பிடித்துவிட்டது" என்றாராம்.

எஸ்ஜேஎஸ் என்றால் ஷைனி ஜெட் சிண்ட்ரோம். பளபள ஜெட் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானிகள் மத்தியில் அந்த நாளில் எல்லோரும் அறிந்த கேலிச்சொல். ஜெட்டில் உட்கார வைத்தால் போதும், சம்பளம் எதுவானாலும் சரி என்று கையெழுத்துப் போடுகிறவனுக்கு அந்தப் பட்டம்.

இது பொறாமைதானே என்று நானும் கேட்டேன். கொஞ்சம் பொறாமைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கணக்கைப் பாருங்கள் என்றார்.

பயணி பார்ப்பது விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பெரிய கம்பெனியின் பெயரை. டிக்கெட்டும் அதன் பெயரில்தான். ஆனால் உள்ளே ஓட்டுகிறவர் வேறொரு சிறிய வட்டார நிறுவனத்தின் ஊழியர். சுருக்கமாக, ஒப்பந்தப் பணி. பெரிய கம்பெனி விமானிக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பகுதிதான் இவருக்குக் கிடைக்கும். புதிதாகச் சேரும் துணை விமானிக்கு ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டி, பல இடங்களில் அதற்கும் கீழே. பயிற்சிக்காக வாங்கிய கடனோ அதைப்போல் சில மடங்கு. அதுவும் மணிக்கணக்குச் சம்பளம். விமானம் வாயிலை விட்டு நகர்ந்த பிறகுதான் மணி ஓடத் தொடங்கும். விமான நிலையத்தில் காத்திருந்த மூன்று மணி நேரம் கணக்கில் வராது. கவுன்டரில் வாடிக்கையாளர் நிற்கும் நிமிடங்களுக்கு மட்டும்தான் சம்பளம் என்று எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அன்றைக்கே வாயிற்கூட்டம் நடந்திருக்கும்.

பின்னே ஏன் போனார்கள்? ஆசை ஒரு காரணம். இன்னொன்று, பெரிய கம்பெனியில் சேர வேண்டுமானால் நோட்டில் பறந்த மணிகள் ஏற வேண்டும். சில ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் ஆளெடுப்பதை நிறுத்தி, இருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பின. சில ஆண்டுகள் என்பது பலருக்குப் பத்தாண்டு ஆனது.

மூத்தவர்கள் பக்கத்திலும் ஓட்டை இருந்தது. பெரிய கம்பெனிகளின் விமானிகள் சங்கங்கள், எத்தனை இருக்கை வரைக்கும் வெளியே ஒப்பந்தத்துக்கு விடலாம் என்று நிர்வாகத்தோடு எழுதி வைத்திருந்தன. பெரும்பாலும் 50 இருக்கை. சின்ன ஜெட்தானே, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அந்த 50 இருக்கை ஜெட்கள் நூற்றுக்கணக்கில் பெருகிய பிறகுதான் கையைப் பிசைந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் பெரியவர்கள், கேலி மட்டும் பையனுக்கு. இதை நான் சொன்னபோது நண்பர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

எதிர்த்தவர்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2001 மார்ச்சில் கோம்ஏர் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாங்களும் ஜெட்தான் ஓட்டுகிறோம், பிறகு எதற்கு இந்தச் சம்பளம் என்பது அவர்கள் கட்சி. 89 நாள் நீடித்தது. சம்பளம் உயர்ந்தது. ஆனால் 2005ல் தாய் நிறுவனமான டெல்டாவோடு சேர்ந்து கோம்ஏரும் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. சலுகைகள் வெட்டப்பட்டன. 2012ல் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள்.

இனி சொல்வது எனக்குப் பல நாள் தூக்கத்தில் வந்தது.

2004 அக்டோபர் 14, இரவு. பினாக்கிள் என்ற வட்டார நிறுவனத்தின் 50 இருக்கை சிஆர்ஜே ஒன்றை லிட்டில் ராக்கிலிருந்து மினியாபொலிஸுக்குக் காலியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பயணி யாரும் இல்லை. உள்ளே இரண்டு விமானிகள் மட்டும். அந்த விமானம் போகக்கூடிய உச்ச உயரம் 41,000 அடி. அன்றாட ஓட்டத்தில் யாரும் அவ்வளவு மேலே போவதில்லை. அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனவர்களை விமானிகள் தங்களுக்குள் ஒரு 'கிளப்' உறுப்பினர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்களாம். அந்த இருவருக்கும் அன்று அந்த ஆசை.

ஏறினார்கள். ஏறும்போதே வேகம் குறைந்துகொண்டு வந்தது. 41,000 அடியில், காற்று அவ்வளவு மெல்லியதாக இருக்கும் இடத்தில், இறக்கை விமானத்தைத் தாங்கத் தேவையான வேகம் இல்லை. எச்சரிக்கைக் கருவிகள் கண்ட்ரோலை உலுக்கின. விமானம் நிலை தடுமாறியது. இரண்டு என்ஜின்களும் அணைந்தன. மீண்டும் இயக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இதில் என்னை உறுத்துவது அடுத்தது. தரைக் கட்டுப்பாட்டாளரிடம் முதலில் ஒரு என்ஜின் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்கள். இரண்டும் போய்விட்டது என்று சொன்னபோது காலம் கடந்துவிட்டது. சறுக்கிக்கொண்டே போய் இறங்கியிருக்கக்கூடிய விமான நிலையங்கள் பல, எட்டும் தூரத்தில் இருந்தன. மிசௌரி மாநிலம் ஜெஃபர்சன் சிட்டியில், வீடுகளின் பின்புறத்தில் விழுந்தது. இருவரும் இறந்தார்கள். தரையில் யாருக்கும் காயமில்லை.

விமானிகளின் பொறுப்பற்ற நடத்தை என்றுதான் விசாரணை முடிவு சொன்னது. சரியான முடிவு. ஆனால் வங்கியில் தப்பு நடந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பதிவில் தவறு செய்துவிட்டு, மேலாளரிடம் பாதியை மட்டும் சொல்லி, மீதியை நாமே சரிசெய்துவிடலாம் என்று நினைத்த மாலைகள் எனக்கும் உண்டு. எனக்கு அதிகபட்சம் ஒரு மெமோ வந்திருக்கும்.

இந்த விபத்துக்குப் பிறகு எஸ்ஜேஎஸ் என்ற சொல்லைக் கேலிக்காகச் சொல்ல நண்பருக்கு வாய் வரவில்லையாம்.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விபத்து. 50 பேர் இறந்தார்கள். அது ஜெட் அல்ல, காத்தாடி விமானம்தான். வேலைக்கு வருவதற்காகத் துணை விமானி முந்தைய இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் தொற்றி, சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடிக்கு வந்திருந்தார் என்பதும், அவருடைய சம்பளம் எவ்வளவு என்பதும் விசாரணையில் வெளியே வந்தபோதுதான் பொதுமக்களுக்கு உறைத்தது. 2010ல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்றார்கள். ஆள் கிடைப்பது கடினமானது, சம்பளம் ஏறத் தொடங்கியது. 2022ல் சில வட்டார நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் அறிவித்தன. அதற்குள் 50 இருக்கை ஜெட்களில் ஏராளமானவை எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் ஓய்வுக்குப் போய்விட்டன. எரிபொருள் சிக்கனத்தில் நம் பி பிளாக் நண்பர் பயந்த காத்தாடிதான் இன்றும் கெட்டி.

எங்கள் கிளையிலும் ஒரு டோநட் பெட்டி வந்தது. 1980களின் கடைசி. லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்த புதிது. ஏ.சி. அறை, செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் உட்கார என் சகா ஒருவருக்கு வாய்ப்பு வந்தது. லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "பத்துப் பேர் வேலைக்கு உலை வைத்துவிட்டு லட்டா?" என்று கேட்டவன் நான். சங்கத்தில் அப்போது துடிப்பாக இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த லட்டை நான் தொடவில்லை. பின்னாளில் கணினியில் எனக்கு ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான்.

சி பிளாக்கில் நம் சகோதரி ஒருவரின் மகன் விமானப் பயிற்சி முடித்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இந்தக் கூட்டத்துக்கும் வந்திருந்தான். பெரிய ஜெட்டுக்கான பயிற்சிக்குத் தன் கையிலிருந்து பல லட்சம் கட்டுவதா, கிடைத்திருக்கும் ஏடிஆரில் சேர்ந்துவிடுவதா என்று குழம்பிக்கொண்டிருக்கிறான். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, இரண்டு ஒப்பந்தப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எத்தனை ஆண்டு பாண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், கடன் வட்டி என்ன என்று வரி வரியாகப் பார்த்துவிடுவோம். வரும்போது லட்டும் வாங்கி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.